கேபின் தயாரில்லை

பத்தாயிரம் அடிக்குக் கீழே வந்துவிட்டால்
விமானி அறைக் கதவு சுவராகிவிடும்.
அதன்பிறகு அவர்களிடம்
காப்பி வேண்டுமா என்று கேட்கக் கூடாது,
துணை விமானி சுன்னேவாவின் மகனுக்குப்
பல் முளைத்துவிட்டதா என்றும்.
ஒரு மணி அடித்தால் ஒரு பொருள்.
இரண்டு அடித்தால் வேறொன்று.
மிச்சத்தையெல்லாம் உள்ளங்காலால்தான் கேட்டுக்கொள்வேன்:
இறக்கை மடல்கள் இறங்கும் முனகல்,
வயிற்றுக்கடியில் சக்கரங்கள் விழும் 'தொம்',
காப்டன் பைனிர் காற்றோடு மல்லுக்கட்டும்
சின்னச் சின்ன வெட்டிழுப்புகள்.
பதினோரு வருடமாக அவரோடு பறக்கிறேன்.
அவர் தரையிறக்குவதை ஒருமுறைகூடப் பார்த்ததில்லை.

கோபன்ஹேகனிலிருந்து இரண்டு மணி நேரம்.
ஜன்னலில் வட அட்லாண்டிக்,
தேய்க்காத ஈயப் பாத்திரத்தின் நிறத்தில்.
ஃபாரோ தீவுகளில் எங்களுக்கு இருப்பது ஒரே ஓடுதளம்,
ஏரிக்கு மேலே, மலைகளின் இடுக்கில்.
அந்த மலைகளில் மோதிவரும் காற்றுக்கு
எந்தப் பக்கம் என்று கிடையாது.
ஊர்க்காரர்களுக்குப் பழக்கம்.
பின்னல் ஊசியைக் கீழே வைக்காமலே
"இன்னிக்குக் கொஞ்சம் ஆட்டம்தான்" என்பார்கள்.

"கேபின் குழுவினர், தரையிறங்கத் தயாராகுங்கள்."

நடந்தேன். பெல்ட், சாய்வு, மேசை, பெல்ட்,
காலடியில் ஒரு கிடார், பெல்ட்,
தூங்குகிற குழந்தையின் வாயில் பாதி பிஸ்கட்.
பதினான்கு டி காலி.
பின்கோடியில்
கழிப்பறை விளக்கு சிவப்பு.

தட்டினேன்.
உள்ளே தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.
தண்ணீருக்கு அடியில் இன்னொரு சத்தம்.
ஆள் யாரென்று தெரியும், சால்மன் பண்ணையில் வேலை,
அவன் அக்காளும் நானும் ஒரே வகுப்பு.
பெரிய உடம்பு. அந்த உடம்பு
அந்தச் சின்ன அறைக்குள் எப்படி மடங்கி
அழுதுகொண்டிருக்கிறது என்று தோன்றியது.

வெளியிலிருந்து திறக்கும் வழி எனக்குத் தெரியும்.
தகட்டுக்குப் பின்னால் விரல் நுழைத்தால் போதும்.
நுழைத்தேன்.
எடுத்துவிட்டேன்.

இன்டர்காமை எடுத்தேன்.
அந்தச் சுருள் கம்பியில் போய்வருவது இரண்டே சொல்:
தயார், தயாரில்லை.
நடுவில் எதையும் அது ஏற்றிச்செல்லாது.
நூற்று முப்பத்தெட்டுப் பேரின் அவசரம் ஒரு தட்டில்.
இன்னொரு தட்டில் ஒரு தாழ்ப்பாள்.

"கேபின் தயாரில்லை."

"எத்தனை நிமிஷம்?"

"தெரியாது."

தெரியாது என்று
எந்தக் கையேட்டிலும் பதில் இல்லை.
அவர் மூச்சு விடுவது கேட்டது.
ஏன் என்று அவர் கேட்கவில்லை.
கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன்?

சரிவு நின்றது. இயந்திரத்தின் குரல் தடித்தது.
மேகத்துக்குள் மறுபடி ஏறினோம்.
ஒலிபெருக்கியில் பைனிர், சோம்பலாக:
"ஒரு சுற்று சுற்றிவிட்டு வருவோம்.
தீவு எங்கேயும் போய்விடாது."
யாரோ சிரித்தார்கள். ஊசிகள் நடந்தன.

ஒன்பது நிமிஷம். கதவில் சாய்ந்து
மெதுவாக, எங்கள் மொழியில் சொன்னேன்:
"அவசரமில்லை. ஆனால் எண்ணெய் தீரும்."
தண்ணீர் நின்றது.

கழுத்துவரை நனைந்து வந்தான்.
தன் இருக்கைக்குப் போகும் தெம்பில்லாமல்
கடைசி வரிசையிலேயே உட்கார்ந்தான்.
கைக்குக் கொக்கி அகப்படவில்லை. நான்தான் மாட்டினேன்.
'க்ளிக்'.
அவனுக்கு என்ன ஆயிற்று என்பது
நாளை தீவு முழுக்கத் தெரியும்.
நான் இன்று கேட்கவில்லை.

"கேபின் தயார்."

"நன்றி, ரன்வா."
பெயர் சொல்வது விதியில் கிடையாது.

தரை எங்களை இரண்டு தடவை தட்டிப்பார்த்துவிட்டு
மூன்றாவதில் ஏற்றுக்கொண்டது.
எல்லாரும் இறங்கியதும் கதவு மறுபடி கதவானது.
பைனிர் மடியில் அறிக்கைப் படிவம்.
'தாமதத்தின் காரணம்' என்றொரு கட்டம்,
தபால்தலை அளவு.

"என்ன எழுதட்டும்?"

"கழிப்பறையில் ஆள்."

எழுதினார். பேனாவை மூடாமல்
கொஞ்ச நேரம் கட்டத்தையே பார்த்தார்.
"காப்பி மிச்சம் இருக்கா?"

இருந்தது. ஆறிப்போய்.
மூன்று பேரும் நின்றபடியே குடித்தோம்.
மகனுக்கு இன்னும் பல் முளைக்கவில்லையாம்.